கேம்பர் வேனுக்கு பம்பர் மாற்றப் போறீங்களா? முதல்ல எடையைப் பாருங்க

அமெரிக்காவில் மெர்சிடிஸ் ஸ்ப்ரின்டர், ஃபோர்டு ட்ரான்சிட் வேன்களைக் கேம்பராக (தங்கிப் பயணிக்கும் வேனாக) மாற்றுபவர்கள் கனரக பம்பரில் முதலில் பார்ப்பது அழகை. பார்க்க வேண்டியது, ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள அச்சு எடை வரம்பை. கட்டில், தண்ணீர்த் தொட்டி, பேட்டரி எல்லாம் ஏற்றிய பிறகு எடைமேடையில் முன், பின் அச்சுகளைத் தனித்தனியாக நிறுத்துப் பாருங்கள். வரம்பில் மிச்சம் இருப்பதுதான் பம்பருக்கான உங்கள் எடை பட்ஜெட்.

பின்பக்கத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஸ்டெப்னி, பெட்டி மாட்டிய, கதவுபோல் வெளியே திறக்கும் கையோடு சேர்த்து பம்பர் 100 கிலோ, அதன் எடைமையம் பின் அச்சுக்கு 1.2 மீட்டர் பின்னால் என்று வையுங்கள். 144 இன்ச் வீல்பேஸ் (முன், பின் அச்சுகளுக்கு இடையிலான தூரம்) ஸ்ப்ரின்டரில், நெம்புகோல் போல வேலை செய்வதால், பின் அச்சுக்கு ஏறுவது 100 அல்ல, சுமார் 133 கிலோ. முன் அச்சு 33 கிலோ இளகும், ஸ்டியரிங் லேசாகும். ஏற்கெனவே பின்பாரம் என்றால் அலுமினியமே மேல். ஒரே தடிமனுள்ள தகட்டில் அலுமினியம் இரும்பின் எடையில் மூன்றில் ஒரு பங்குதான். தடிமனைக் கூட்டித்தான் செய்வார்கள் என்பதால் அவ்வளவு மிச்சமாகாது.

அலுமினியத்தில் ஸ்டெயின்லெஸ் போல்ட் நேரடியாகத் தொட்டால், சாலையில் உப்புத் தூவும் ஊர்களில் அரிப்பு வரும். நைலான் வாஷர் போடுங்கள்.

முன்பக்கத்தில் குரூஸ் கன்ட்ரோல் ரேடாருக்கு (முன்னே போகும் வண்டியின் தூரத்தை அளப்பது) முன் இரும்புக் குழாய் வந்தால் அது குருடுதான். பார்க்கிங் சென்சாரும் பழைய உயரம், கோணத்திலேயே உட்கார வேண்டும். மாட்டி 500 கிலோமீட்டர் ஓடியதும் போல்ட்களை டார்க் ரெஞ்சால் (முறுக்கு விசையை அளந்து இறுக்கும் ஸ்பானர்) மறுபடி சோதியுங்கள்.

(இந்தியாவில் இதைப் பார்த்து ஆசைப்படுபவர்களுக்கு: புல் பார், கிராஷ் கார்டு (பம்பருக்கு முன் மாட்டும் உலோகத் தடுப்புக் கம்பிகள்) மாட்டுவது சட்டவிரோதம்னு 2017 டிசம்பரிலேயே மத்திய போக்குவரத்து அமைச்சகம் சொல்லியாச்சு.)