கானாடுகாத்தானில் பார்த்த ஃபைனல்

செட்டிநாட்டுப் பழைய வீடுகளைப் பார்க்கத்தான் போனேன். டிக்கெட் போடும்போது காலண்டரைப் பார்க்காததுதான் கோளாறு. 2022 டிசம்பர் 16, வெள்ளிக்கிழமை மதியம் எழும்பூரில் பல்லவன் ரயிலில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. ஞாயிறு இரவு கத்தாரில் உலகக்கோப்பைக் கால்பந்து இறுதியாட்டம், அர்ஜென்டினாவும் பிரான்ஸும். நான் அந்த நேரத்தில் கானாடுகாத்தானில் இருப்பேன்.

என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். கல்லூரியில் நான் பந்தை உதைத்ததை விட விசில் ஊதியதுதான் அதிகம். ஆட்டம் வராது, விதிகள் தெரியும் என்பதால் டிபார்ட்மென்ட் மேட்ச்களில் என் கையில் விசிலைத் திணித்துவிடுவார்கள். ஒருமுறை கடைசி நிமிடத்தில் ஒரு பெனால்ட்டி கொடுத்துவிட்டு, ஹாஸ்டலுக்குப் பின்வாசல் வழியாகப் போக வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து எந்த மேட்ச் என்றாலும் என் கண் முதலில் நடுவரிடம்தான் போகும். மெஸ்ஸி அப்புறம்.

தங்கிய இடம் ஒரு பழைய நகரத்தார் வீட்டின் பின்கட்டு. அரண்மனை இருக்கும் பக்கத்தில் ஹெரிடேஜ் ஹோட்டல்கள் உண்டு. அந்த வாடகைக்கு நான் ரங்கூனில் வட்டிக்கடை வைத்திருந்திருக்க வேண்டும். ‘அறையில் டிவி உண்டு’ என்று எழுதியிருந்தார்கள். உண்டு. போட்டால் நீல நிறத்தில் எரிந்தது, அவ்வளவுதான்.

வீட்டைப் பார்த்துக்கொள்பவர் எழுபது வயதைத் தாண்டிய ஒரு பெரியவர். சமையலும் அவர்தான். சனிக்கிழமை காலை முன்கட்டைத் திறந்து காட்டினார். முகப்பில் பர்மா தேக்குத் தூண்கள். ஒன்றைக் கட்டிப்பிடித்துப் பார்த்தேன், இந்தக் கை விரல் அந்தக் கை விரலைத் தொடவில்லை. சுவர் சில்லென்று பீங்கான் போல இருந்தது. சுண்ணாம்பு, கடுக்காய், முட்டை வெள்ளைக்கரு என்று அவர் கணக்குச் சொன்னார். உள்ளே வளவு; வானம் தெரியும் முற்றம், சுற்றிலும் வரிசையாக அறைகள், எல்லாம் பூட்டு.

“இந்த வீட்டுக்குப் பதினொரு புள்ளி தம்பி. ஆறு புள்ளி மெட்ராஸ்ல, மூணு சிங்கப்பூர்ல, ரெண்டு அமெரிக்காவுல இருக்காக.”

எனக்குப் புள்ளி என்றதும் லீக் சுற்றுப் பட்டியல்தான் ஞாபகம் வந்தது. சவுதியிடம் முதல் ஆட்டத்தில் தோற்றும் ஆறு புள்ளி எடுத்துத் தப்பித்த அர்ஜென்டினா. நகரத்தாரிடம் புள்ளி என்றால் கல்யாணமான ஒரு குடும்பம் என்று அவர் விளக்கிய பிறகுதான் விளங்கியது. கோயில் வரி எல்லாம் அந்தப் புள்ளிக் கணக்கில்தானாம்.

அப்போது பக்கத்து வீட்டு ஆச்சி ஒருவர் புது வேட்டியிலிருந்து ஒற்றை நூலை உருவி, மற்ற நூல்களோடு சேர்த்து வைத்துக்கொண்டிருந்தார். பிள்ளையார் நோன்புக்காம். கார்த்திகை தீபத்திலிருந்து நாளுக்கு ஒரு நூல், 21 நாள். கடைசி நாளில் அதைத் திரியாக்கி, மாவில் வைத்து ஏற்றி, எரிகிற சுடரோடு அப்படியே வாயில் போட்டுக்கொள்வார்களாம். ‘இழை எடுத்துக்கிறது’ என்றார் ஆச்சி. சுடாதா என்று கேட்டேன். “இத்தனை வருசமா சுடலையே” என்று சொல்லிவிட்டு நூலைச் சரிபார்க்கப் போய்விட்டார்.

மதியம் ஆத்தங்குடி. இதற்காகவும்தான் இவ்வளவு தூரம் வந்தது. பூக்கல் என்கிற பூப்போட்ட தரைக்கல் போடும் கொட்டகையில் ஒருவர் தரையில் குந்தியிருந்தார். முன்னால் ஒரு சதுரக் கண்ணாடி. அதன் மேல் தகட்டு அச்சை வைத்து, ஒவ்வொரு கண்ணறையிலும் ஒரு நிறமாகச் சாயம் கலந்த சிமென்ட்டைக் கரண்டியால் ஊற்றுகிறார். கை நடுங்கவில்லை, ஒரு சொட்டுகூடப் பக்கத்து அறைக்குப் போகவில்லை. அச்சை நேராக மேலே தூக்கினால், கண்ணாடி மேல் பூ ஈரமாக நிற்கிறது. அதன்மேல் உலர்ந்த மணலும் சிமென்ட்டும் தூவி, பிறகு ஈரக் கலவையை அப்பி மட்டம் பார்க்கிறார். சூளை கிடையாது, சுடுவதே இல்லை. தண்ணீர்த் தொட்டியில் சில நாள் ஊறிக் காய்ந்த பிறகு கண்ணாடியைப் பிரித்தால், அந்தக் கண்ணாடியின் வழவழப்பு கல்லுக்கு வந்துவிடுகிறது. அதுவரை, கலைந்த கோடு எது என்று மேலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது. முகம் கீழே இருக்கிறதே!

அன்று அவர் ஊற்றிக்கொண்டிருந்தது வெள்ளையும் வெளிர்நீலமும். மெஸ்ஸியின் பத்தாம் நம்பர் பனியன் போட்ட பையன் ஒருவன் பக்கத்தில் நின்று, “அர்ஜென்டினா கல்லு” என்றான். “ஆர்டர் குடுத்தவுக வீட்டுக்கு அது மாடிப்படி” என்றார் அவர், தலையைத் தூக்காமல்.

ஞாயிறு பகல் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடைகளைச் சுற்றினேன். பித்தளை விசில் ஒன்று கண்ணில் பட்டது. விலையைக் கேட்டதும் கீழே வைத்துவிட்டேன்.

இரவு எட்டரைக்கு ஆட்டம். முகப்பில் பாயைப் போட்டு, பெரியவர் ஒரு பழைய எனாமல் தூக்குச்சட்டியைக் கொண்டுவந்து வைத்தார். அதில் என் போனைச் சாய்த்தேன். மார்கழி பிறந்து மூன்றாம் நாள், பனி இறங்கிக்கொண்டிருந்தது. தட்டில் வெள்ளைப் பணியாரமும் மிளகாய்த் துவையலும். சிக்னல் இருந்தது, ஆனால் படம் இரண்டு நிமிடம் பிந்தி வந்தது. தெருமுனை டீக்கடையில் டிவி. அங்கே கூச்சல் கேட்டால், இங்கே கோல் இனிமேல்தான் விழும்.

“பந்து வச்சிருக்கவுகளை விட்டுட்டு அந்த ஆளையே பாக்குறீகளே” என்றார் பெரியவர். நடுவர் போலந்துக்காரர், ஷிமோன் மார்சினியாக், இதயத் துடிப்புக் கோளாறால் 2021-இல் நடந்த யூரோ போட்டிக்கே போக முடியாமல் போனவர் என்று சொன்னேன். “மார்கழியாக்கா?” என்றார். அதன்பிறகு அந்தப் பெயர்தான்.

முதல் பாதியில் அர்ஜென்டினா 2-0. பிரான்ஸ் பக்கம் ஒன்றுமே நடக்காததால் நான் கதை சொல்ல ஆரம்பித்தேன். 1930-இல் முதல் உலகக்கோப்பை இறுதியாட்டத்தில் உருகுவேயும் அர்ஜென்டினாவும் ‘எங்கள் பந்துதான்’ என்று சண்டை. பெல்ஜிய நடுவர் லாங்கெனஸ், டை கட்டிக்கொண்டு விசில் ஊதியவர், முதல் பாதிக்கு அர்ஜென்டினா பந்து, அடுத்த பாதிக்கு உருகுவே பந்து என்று வைத்தார். தன் பந்தில் அர்ஜென்டினா 2-1 முன்னிலை. பந்து மாறியதும் உருகுவே 4-2 என்று ஜெயித்தது. கடைசி கோலைப் போட்ட காஸ்ட்ரோவுக்கு ஒரு முன்னங்கை கிடையாது. ஆட்டம் முடிந்ததும் ஏறிப்போகக் கப்பல் தயாராக இருக்க வேண்டும் என்று நடுவர் முன்பே கேட்டு வாங்கியிருந்தாராம்.

“வெவரமான ஆளு” என்றார் பெரியவர்.

என் ஹாஸ்டலுக்கும் துறைமுகம் இருந்திருக்கலாம்.

மஞ்சள், சிவப்பு அட்டை வந்த கதையும் சொன்னேன். 1966-இல் இங்கிலாந்து-அர்ஜென்டினா ஆட்டத்தில் அர்ஜென்டினாவின் ரத்தீனை வெளியே போகச் சொன்னால் அவர் போகவில்லை. ஜெர்மன் நடுவர் பேசியது அவருக்குப் புரியவில்லை என்பது அவர் கட்சி. கென் ஆஸ்டன் என்ற ஆங்கிலேய நடுவருக்கு, காரில் போகும்போது சிக்னல் விளக்கைப் பார்த்து அட்டை யோசனை வந்தது. 1970 உலகக்கோப்பையில் அட்டை வந்தது, ஆனால் அந்த முறை சிவப்பை யாருக்கும் காட்டவில்லை. முதல் சிவப்பு 1974-இல், சிலியின் காஸெலிக்கு. அட்டை வந்தும் கணக்குத் தப்பாமல் இல்லை: 2006-இல் கிரஹாம் போல் என்ற நடுவர் குரோஷியாவின் ஷிமுனிச்சுக்கு ஒரே ஆட்டத்தில் மூன்று மஞ்சள் காட்டினார். இரண்டாவதிலேயே அனுப்பியிருக்க வேண்டும். நம்ம ஊர்க்காரர்களும் இல்லாமல் இல்லை. தமிழ்நாட்டின் கே. சங்கர் 2002 உலகக்கோப்பையில் கோட்டோரம் கொடி பிடித்த உதவி நடுவர். இந்திய அணி இன்னும் உலகக்கோப்பையில் ஆடியதில்லை, கொடி ஆடிவிட்டது.

எண்பதாவது நிமிடம் டீக்கடையில் ஒரு கத்தல். கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. “ஒரே கோலுக்கு ரெண்டு தடவை கத்துறாய்ங்க” என்றார். போனில் பிரான்ஸின் எம்பாப்பே பெனால்ட்டியைப் போட்டார். சரி, இதுதான் என்று பணியாரத்தைப் பிய்த்து வாயில் வைப்பதற்குள் இன்னொன்றையும் போட்டார். இரண்டுக்கும் நடுவே 97 விநாடி.

அதன்பிறகு எனக்கு மார்சினியாக் மட்டும்தான் தெரிந்தார். 87-ஆவது நிமிடம் பிரான்ஸின் துராம் பெனால்ட்டி பெட்டிக்குள் விழுகிறார். 2-2, இறுதியாட்டம், ஊரே பெனால்ட்டி கேட்கிறது. மனிதர் விழுந்தவருக்கே மஞ்சள் அட்டை காட்டினார், நடித்ததற்கு! நான் எழுந்து நின்றுவிட்டேன். கூடுதல் நேரத்தில் மெஸ்ஸி ஒன்று, எம்பாப்பே ஒன்று, 3-3. மெஸ்ஸியின் அந்த கோலின்போது அர்ஜென்டினாவின் மாற்று ஆட்டக்காரர்கள் மைதானத்துக்குள் வந்துவிட்டார்கள் என்று பிறகு பிரான்ஸில் புகார் கிளம்பியது. அதற்கு மார்சினியாக் நிருபர்கள் முன் போனை எடுத்து ஒரு படம் காட்டினார். எம்பாப்பே கோலின்போது ஏழு பிரெஞ்சுக்காரர்கள் உள்ளே நிற்கிறார்கள்.

123-ஆவது நிமிடத்தில் பிரான்ஸின் கோலோ முவானி தனியாக வந்து அடித்ததை அர்ஜென்டினா கோல்கீப்பர் மார்ட்டினஸ் இடது காலால் தடுத்தபோதுதான் பெரியவர் வாய் திறந்தார்.

“ஆறுமுகமா இருந்தா கையாலயே புடிச்சிருப்பான்.”

எந்த ஆறுமுகம்?

எழுபதுகளில் அவர் கோலாலம்பூரில் ஒரு செட்டியார் கிட்டங்கியில், அதாவது கடையும் தங்குமிடமும் சேர்ந்த கட்டடத்தில், சமையல்காரராக இருந்திருக்கிறார். மலேசியாவின் கோல்கீப்பர் ஆர். ஆறுமுகம், கை நீளத்துக்காக ஸ்பைடர்மேன் என்று பேர். மெர்டேகா மைதானத்தில் மேட்ச் என்றால் இரவுச் சாப்பாட்டைச் சீக்கிரம் இறக்கி வைத்துவிட்டு ஓடுவாராம். 1980-இல் தென்கொரியாவை 2-1 என்று தோற்கடித்து மலேசியா மாஸ்கோ ஒலிம்பிக்ஸுக்குத் தகுதி பெற்றது. ஆனால் ஆப்கானிஸ்தான் பிரச்சினையில் புறக்கணிப்பு. அணி போகவே இல்லை. 1988-இல் ஆறுமுகம் கார் விபத்தில் இறந்துபோனார். அப்போது இவர் ஊர் திரும்பியிருந்தார். கடிதத்தில்தான் தெரியுமாம்.

“அன்னைக்கு அடுப்பே மூட்டலை” என்றார். நான் ஒன்றும் கேட்கவில்லை.

டைபிரேக்கரில் பிரான்ஸின் கோமானின் பந்தைத் தடுத்தார் மார்ட்டினஸ், இன்னொரு பிரெஞ்சுக்காரர் சூவாமெனி வெளியே அடித்தார், அர்ஜென்டினாவின் மொன்டியேல் முடித்து வைத்தார். எல்லாமே டீக்கடை எங்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டது. அப்புறம் போன் சுற்ற ஆரம்பித்துவிட்டது. படம் திரும்பி வந்தபோது மெஸ்ஸிக்கு மெல்லிய கறுப்பு அங்கி போட்டுக்கொண்டிருந்தார்கள்.

“மாப்பிள்ளைக்குப் பொன்னாடையா?”

“அரபு நாட்டு மரியாதைங்க ஐயா. பிஷ்த் என்பாங்க.”

“மார்கழியாக்குக்கு என்ன குடுத்தாக?”

“மெடல். அவங்களைத்தான் முதல்ல கூப்பிடுவாங்க. போன் சுத்தினப்போ போயிருக்கும்.”

“அட” என்றார். தெருவில் பையன்கள் பைக்கில் கத்திக்கொண்டு போனார்கள். மெஸ்ஸி கோப்பையைத் தூக்கக் குனிந்த நேரம் பெரியவர் கையை நீட்டினார்.

“போனை எடுத்துக்கங்க தம்பி. காலையில பால் வாங்க இந்தச் சட்டி வேணும்.”