டெம்புரா மாவு பூசும் இயந்திரம்: வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

கடலூர் முதுநகரிலும் சிப்காட் பக்கத்திலும் இறால் தொழிலில் இருக்கும் நண்பர்கள் அண்மைக்காலமாக என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். உரித்து உறையவைத்து ஏற்றுமதி செய்வதைவிட, மாவு பூசி அரைவேக்காடாகப் பொரித்து அனுப்பினால் கூடுதல் விலை கிடைக்குமே, அதற்கு எந்த இயந்திரம் வாங்கலாம் என்பதே அது. பெரும்பாலோர் எண்ணெயில் பொரிக்கும் இயந்திரமான பிரையரின் விலையிலிருந்தே பேச்சைத் தொடங்குகிறார்கள். இத்தகைய இயந்திரங்களைப் பராமரிக்கும் வேலையில் இருப்பவன் என்ற முறையில், பிரையருக்கு முன்னால் நிற்கும் மாவு பூசும் இயந்திரத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்று சொல்வேன். மேடுபள்ளமாக உப்பி மொறுமொறுவென்று இருக்கும் டெம்புரா என்ற ஜப்பானிய வகைப் பூச்சுக்கு இது கட்டாயம்.

மாவு பூசும் இயந்திரங்களில் பரவலாக இருப்பது, தொட்டியிலுள்ள கரைத்த மாவைப் பம்பு மேலே ஏற்றி, பெல்ட்டில் நகரும் இறாலின் மீது திரைபோல விழச் செய்யும் வகை. மிகுதியான மாவை ஊதுகுழாய்க் காற்று தள்ளிவிட, அது தொட்டிக்கே திரும்பி மீண்டும் பம்புக்குள் போகும். ரொட்டித்தூளை ஒட்டவைக்கும் நீர்த்த மாவுக்கு இது போதும், விலையும் குறைவு. இதே இயந்திரத்தில் டெம்புரா மாவையும் ஓட்டிவிடலாம் என்று விற்பனையாளர் சொன்னால் நம்ப வேண்டாம்.

டெம்புரா மாவில் சோடா உப்பும், அதனோடு வினைபுரிய ஓர் அமில உப்பும் இருக்கும். குளிர்ந்த நிலையில் இவை மெதுவாகவும், எண்ணெயின் சூட்டில் வேகமாகவும் வினைபுரிந்து கரியமில வாயுவை வெளிவிட, அந்த வாயுதான் பூச்சை உப்பச் செய்கிறது. பம்பின் வழியே மாவு திரும்பத் திரும்பச் சுற்றும்போது குமிழ்கள் உடைகின்றன, கோதுமையின் பசையம் இறுகுகிறது, மாவும் சூடேறுகிறது. எனவே டெம்புராவுக்கான இயந்திரத்தில் மாவு தொட்டியிலேயே ஏறக்குறைய அசையாமல் நிற்க, இறால்தான் அதற்குள் பயணம் செய்கிறது. கீழ் பெல்ட் இறாலை மாவுக்குள் இறக்க, மேல் பெல்ட் அது மிதந்து எழாதபடி அமுக்கிப் பிடித்துக்கொள்கிறது. இரண்டின் வேகமும் பொருந்தாவிட்டால் இறால் உருண்டு, ஒரு பக்கம் மாவில்லாமல் வெளியே வரும்.

எங்கள் வரிசையில் நிற்கும் ஓர் அக்கா, மாவின் கெட்டித்தன்மையை அளக்கும் விஸ்கோமீட்டரில் எண் வருவதற்கு முன்பே, ஒரு கரண்டி மாவை அள்ளி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, "தம்பி, மாவு செத்துப்போச்சு, புதுசு கரைங்க" என்பார். கரண்டியின் விளிம்பில் ஊசிமுனைக் குமிழ்கள் இல்லாமல் மாவு பளபளவென்று வழிந்தால் அந்த முடிவுக்கு வருவார். கெட்டியான மாவுக்கு, துளைக் கோப்பையில் வடியும் விநாடியை எண்ணுவதைவிட இது நம்பகமானது என்பது என் எண்ணம்.

பூச்சின் மேல் கூடுதல் சொரசொரப்பு வேண்டுமென்றால் இரண்டு வழிகள் உண்டு. அரிசி ரவை, சோள ரவை போன்றவற்றை மாவிலேயே கலப்பது முதல் வழி. ஆனால் ரவை தொட்டியின் அடியில் படியும், பம்பு இருந்தால் அதைத் தேய்க்கும், திரை விழும் பிளவை அடைக்கும். மற்றொன்று, எண்ணெயில் விழுந்த இறாலின் மீது மாவைத் துளித்துளியாகச் சொட்டச் செய்வது. ஜப்பானியச் சமையற்காரர்கள் கையால் செய்யும் இதனை, ஆலையில் பூந்திக் கரண்டியைப் போலத் துளைகள் கொண்ட ஒரு குழாய்வரிசை செய்கிறது. துளிகள் இறாலைத் தொடாமல் எண்ணெயிலேயே பொரிந்து மிதந்தால் அவ்வளவும் கழிவு. அவற்றை உடனே வடிகட்டாவிட்டால் கருகி எண்ணெயையும் கெடுக்கும்.

நம் கடற்கரையில் இத்தனைக்கும் எதிரி வெப்பம்தான். அக்னி நட்சத்திரக் காலத்தில் மேல்நிலைத் தொட்டி நீரே 30 டிகிரியைத் தாண்டியிருக்கும்போது, அதில் கரைத்த மாவைத் தொட்டியில் ஊற்றிய பிறகு குளிர்விக்க நினைப்பது வீண். கரைக்கும் நீரையே சில்லரில் குளிர்வித்துக்கொள்ள வேண்டும். இதில் நுண்ணுயிர் ஆபத்தும் உண்டு. கரைத்த மாவு 10 டிகிரி செல்சியசுக்கு மேல் மொத்தம் 12 மணி நேரத்துக்கு மிகாமலும், 21.1 டிகிரிக்கு மேல் 3 மணி நேரத்துக்கு மிகாமலும் இருக்க வேண்டும் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் கடல் உணவு வழிகாட்டி கூறுகிறது. ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற நுண்ணுயிர் உண்டாக்கும் நஞ்சு பொரிக்கும் சூட்டிலும் அழியாது என்பதே காரணம்.

மாவு பூசிய ஈர இறாலைக் கம்பிவலை பெல்ட்டில் வைத்தால், மாவு வலையின் கண்களில் இறங்கிப் பொரிந்து பிடித்துக்கொள்ளும். ஆகவே இயந்திரத்தின் கடைசி பெல்ட் எண்ணெய் மட்டத்துக்கு மிக அருகில் முடிய, இறால் 180 டிகிரிக்கு மேலுள்ள எண்ணெயில் நேராக விழுந்து, மாவுப் பூச்சு இறுகும்வரை மிதக்க வேண்டும். இறாலின் மேல் பனிப்பூச்சு மிச்சமிருந்தாலோ, கரைத்த மாவுக்கு முன் தூவும் உலர்ந்த முன்மாவைத் தூவாமல் விட்டாலோ பூச்சு கழன்றுவிடும்.

மாவு இறாலைவிட மலிவு என்பதால் பூச்சைத் தடிமனாக்கும் ஆசை முதலாளிகளுக்கு வரத்தான் செய்யும். ரொட்டித்தூள் பூசிப் பொரிக்காமல் உறையவைக்கும் இறாலில் குறைந்தது 50 விழுக்காடும், மெல்லிய பூச்சு என்று விற்றால் 65 விழுக்காடும் இறால் இருக்க வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். டெம்புராவுக்கு அந்த விதி நேரடியாகப் பொருந்தாவிட்டாலும், வாங்குபவர் தன் ஒப்பந்தத்தில் ஒரு விழுக்காட்டை எழுதியே தீருவார்.

கழுவுவதைப் பற்றி விற்பனையாளர்கள் அதிகம் பேசுவதில்லை. முதலில் குளிர்ந்த நீரால்தான் அலச வேண்டும். அவசரத்தில் வெந்நீரைப் பீய்ச்சினால் கோதுமை மாப்பொருள் 60 டிகிரியை ஒட்டி வெந்து, பெல்ட்டின் கண்ணிகளில் பசையாகிவிடும், பிறகு சுரண்டித்தான் எடுக்க வேண்டும். உப்புக்காற்றைத் தாங்க, பெல்ட் ஊசிகளும் திருகுகளும் 304 ரகத் துருப்பிடிக்காத எஃகில் அல்லாமல் மாலிப்டினம் கலந்த 316 ரக எஃகில் இருப்பது நல்லது. விலை பேசும் முன், இரு பெல்ட்டுகளையும் கருவிகள் இல்லாமல் கழற்றி மாட்டிக் காட்டும்படி விற்பனையாளரிடம் கேளுங்கள். ஷிஃப்ட் முடிவில் அந்த வேலையைச் செய்யப்போகும் பணியாளர்களையும் அப்போது கூடவே அழைத்துச் செல்லுங்கள்.