50 அடி

"கிணற்றுக்கும் மலக்குழிக்கும் இடையில் 50 அடி எங்கே விடப்போகிறார்கள்?" என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கேட்டார். "குழாய் நீர் வந்துவிடும், சேர்" என்றேன். அவர் காணிப் பிரிப்புப் படத்தை இன்னொரு தடவை பார்த்துவிட்டு ஒப்பமிட்டார். அவ்வளவுதான் நடந்தது. 12 வருடங்களாக அந்தப் பதிலைத் திருத்திக்கொண்டிருக்கிறேன்.

திருகோணமலை உப்புவெளிப் பக்கம் 20 பேர்ச் காணி. கணவரை இழந்த ஓர் அம்மா மூன்று மகள்மாருக்கும் சீதனமாக ஆறாறு பேர்ச் எழுத விரும்பினார். மிச்சம் இரண்டும் பாதைக்கு. 1986 ஆம் ஆண்டுத் திட்டமிடல் விதிகள் அன்று கேட்டது குறைந்தது 150 சதுர மீற்றர், ஏறக்குறைய 6 பேர்ச். படத்தில் பிழை இல்லை. படங்களைச் சரிபார்ப்பது என் வேலை, பிழை இருந்திருந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன். அந்த விஷயத்தில் கண்டிப்பானவன் என்று எனக்குப் பெயர்.

ஆனால் 6 பேர்ச் சதுரமாக அமைந்தால் ஒரு பக்கம் 40 அடி. மூலைக்கு மூலை 57. கிணற்றைப் பின்மூலையிலும் குழியை எதிர் முன்மூலையிலும் மதிலோடு ஒட்டி வைத்தால்தான் 50 தேறும். தேறினாலும் பக்கத்து வளவில் தங்கையின் குழி இருக்கும், அதற்கு எங்கே போவது? ஒரு விதி அளந்து கொடுத்த காணியில் இன்னொரு விதிக்கு இடமில்லை. இதைக் கண்டுபிடிக்கப் படிப்பு வேண்டாம், அடிமட்டம் போதும். அன்று என் கையில் அடிமட்டம் இருந்தது.

அந்தப் பக்கம் மணல் நிலம். மார்கழி மழையில் கயிறில்லாமலே கிணற்றில் தண்ணீர் அள்ளலாம். குழியின் அடியும் அதே நீரில்தான் நிற்கும். எனக்குத் தெரியாததல்ல. எங்கள் வீட்டுக் கிணறும் அப்படித்தான்.

குழாய் நீர் வரத்தான் செய்தது, கந்தளாய்க் குளத்து நீர். நான் பொய் சொல்லவில்லை. வீடுகள் எழும்பி மூன்று வருடங்களுக்குப் பிறகு வந்தது. அதற்குள் கடைசி மகளின் பிள்ளை வயிற்றோட்டத்தில் இரண்டு தடவை ஆஸ்பத்திரியில் கிடந்தது. கிணற்றுநீரை யாரும் சோதிக்கவில்லை. கடைச் சாப்பாடாகவும் இருந்திருக்கலாம். கைவிட்ட கிணறுகள் வேறொரு தொல்லை: 2017 இல் டெங்கு கிண்ணியாவைப் புரட்டி எடுத்தபோது, புழு பார்க்க அவற்றை எட்டிப் பார்த்துத் திரிந்ததும் அதே பரிசோதகர்தான். என்னைக் கண்டால் சிரிப்பார். எதற்கென்று கேட்டதில்லை.

அந்தக் காணியில் பழைய கிணறு ஒன்று இருந்தது. பாதையை அதுவரை நீட்டி மூவருக்கும் பொதுவாக விடச் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் ஒரு துண்டாவது ஆறு பேர்ச்சுக்குக் குறைந்திருக்கும். குறைந்தால் நானே தள்ளியிருப்பேன்.

போன மாதம் சந்தையில் அந்த அம்மாவைக் கண்டேன். "அன்றைக்கு நீங்கள் மறித்திருந்தால் என் கடைக்குட்டிக்குக் கல்யாணமே நடந்திருக்காது, மகன்" என்று கையைப் பிடித்துக்கொண்டார். பிள்ளை எப்படி என்று கேட்க வாயெடுத்தேன், மீன் விலையைக் கேட்டேன்.

இப்போதெல்லாம் படம் வந்தால் கவராயத்தை எடுத்துக் குழி வரக்கூடிய இடத்தில் பென்சிலால் ஒரு வட்டம் போடுகிறேன். 1:500 அளவில் 50 அடிக்கு மூன்று சென்ரிமீற்றர். வட்டம் பெரும்பாலும் பக்கத்து வளவுகளையும் விழுங்கிவிடும். திட்டமிடல் குழுவுக்கு அனுப்புமுன் அதை அழித்துவிடுகிறேன். விதியில் அப்படியொரு வட்டம் இல்லை.