உப்புத் தண்ணியில் நெல் முளைக்குமா?

"உப்பு நீர் நெல் விதை முளைப்பைப் பாதிக்கிறதா என்று அறிய ஒரு சோதனையை வடிவமைக்கவும்." இந்தக் கேள்வி எங்க ஊர்ப் பிள்ளைகளுக்குத் தண்ணி பட்ட பாடாக இருக்கணும். உவரிப் பக்கத்துப் பையனுக்கு உப்புக் கரிக்கும் தண்ணி தெரியும், அம்பாசமுத்திரத்துப் பிள்ளைக்கு நாற்றங்கால் தெரியும். ஆனால் பாளையங்கோட்டையில் என்னிடம் பயாலஜி டியூஷனுக்கு வருகிறவர்கள் எழுதுவது இதுதான்: "தொட்டியில் விதை போட்டு உப்பு நீர் ஊற்றினேன், முளைக்கவில்லை, எனவே பாதிக்கிறது."

ஏலே, விதையே சொத்தையா இருந்தா? நல்ல தண்ணி ஊத்தினாலும் முளைச்சிருக்காதே, எதோட ஒப்பிட்டுச் சொல்லுத?

இத்தனைக்கும் ஒளிச்சேர்க்கைக்குக் கார்பன் டை ஆக்சைடு வேணும் என்று காட்டும் மோலின் அரை இலைச் சோதனையைத் தூக்கத்தில் கேட்டாலும் ஒப்பிப்பார்கள். செடியை முதலில் இருட்டில் வைப்பது பழைய ஸ்டார்ச் தீரத்தான். பாதி இலை, கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு உள்ள பாட்டிலுக்குள், மீதி வெளியே. அந்த வெளிப்பாதிதான் கண்ட்ரோல், அதாவது ஒப்பிட்டுப் பார்க்க மாற்றாமல் விட்ட பாதி, அதுவும் அதே இலையில்! இதைவிட நல்ல கண்ட்ரோல் எங்கே கிடைக்கும்? செய்முறையாக மட்டும் மனப்பாடம் பண்ணுவதால் இது கண்ணில் படுவதில்லை.

சரி, நெல்லுக்கு வருவோம். நான் முதலில் எழுதச் சொல்வது எதை எண்ணப் போகிறோம் என்பதைத்தான். "வளர்ச்சியைக் கவனிக்க வேண்டும்" என்றால் திருத்துகிறவருக்கு ஒன்றும் புரியாது, "7-ஆம் நாள், 2 மி.மீ. வேர் வெளியே வந்த விதைகளின் எண்ணிக்கை" என்று எழுதினால் மறுபேச்சு இல்லை. அப்புறம் மாற்றுவது ஒன்றே ஒன்று: லிட்டருக்கு 0, 3, 6, 9 கிராம் உப்பு, இதில் 0 தான் கண்ட்ரோல். ஒவ்வொரு அளவுக்கும் மூன்று பெட்ரி தட்டு, தட்டுக்கு 25 விதை, எல்லாம் ஒரே மூட்டையில் எடுத்துக் கலந்து பிரித்தவை, பருத்த விதையாகப் பொறுக்கி ஒரு தட்டில் போடக் கூடாது. தண்ணீர் அளவு, வைக்கிற இடம் எல்லாம் ஒன்றுபோல. தட்டை மூடி வைக்கணும், நம்ம வெயிலுக்குத் தண்ணி ஆவியாகிப் போனால் 3 கிராம் தட்டு எத்தனை கிராம் தட்டாகும் என்று யாருக்குத் தெரியும்? இந்த ஒரு வரியை எழுதுகிற பிள்ளை நிஜமாகவே யோசித்திருக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிடும்.

முடிவில் "நிரூபிக்கப்பட்டது" வேண்டாம். 9 கிராம் தட்டிலும் வெறும் தண்ணித் தட்டிலும் கிட்டத்தட்ட ஒரே எண்ணிக்கை வந்தால், இந்த அளவு உப்பு முளைப்பைக் குறைக்கவில்லை என்று எழுதிவிட்டுப் போகலாம், மார்க் குறையாது. நெல் முளைக்கும்போது உப்பை ஓரளவு தாங்கும், இளநாற்றில்தான் அடி வாங்கும். அது வேற கேள்வி, அதுக்கு வேற சோதனை.