உங்க ஊரு சாக்ஸபோன்காரர்

"உங்க ஊரு ஆளு போயிட்டாராமே புள்ள, அந்த சாக்ஸபோன் வாசிக்கிறவரு."

2019 அக்டோபர் 11, வெள்ளிக்கிழமை. இலங்கை மலையகத்தில், ஹட்டன் டவுனில் மரக்கறிக் கடை அக்கா இதைச் சொன்னபோது என் கையில் அரைக்கிலோ போஞ்சி இருந்தது. கத்ரி கோபால்நாத் இறந்த சேதி எனக்கு அப்படித்தான் வந்தது. அவர் மங்களூர்க்காரர், எனக்கு ஊர் நீலகிரிக் கூடலூர். இருந்தும் மறுத்துச் சொல்ல வாய் வரவில்லை. கண்தான் கலங்கியது.

'உங்க ஊரு' என்ற பேச்சு எங்கள் வீட்டுக்குப் பழசு. அப்பா பிறந்தது தலவாக்கலையில். இலங்கைத் தோட்டத் தமிழர்களில் பலரை இந்தியாவுக்கு அனுப்பிய 1964 ஒப்பந்தத்தால் பதினாலு வயதில் கப்பலேறி, மண்டபம் முகாமில் இறங்கி, கூடலூர்த் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர். அங்கே கடைசிவரை நாங்கள் சிலோன்காரங்க. நான் 2015இல் கல்யாணமாகி ஹட்டனுக்கு வந்தேன். இங்கே இந்தியாக்காரி. வந்த புதிதில் பீன்ஸ் கேட்டால் கடையே திரும்பிப் பார்க்கும். இப்போது போஞ்சி, பாண், சவர்க்காரம் எல்லாம் தானாக நாக்கில் வருகின்றன. பழகிவிட்டது என்றுதான் எல்லோரிடமும் சொல்கிறேன்.

அன்று பஸ்ஸில் வீடு திரும்பும்போது மனம் கூடலூர்த் தோட்டத்து வரிசை வீட்டில், எங்கள் லயத்தில் இருந்தது. 1994இல் 'டூயட்' வந்ததும் அப்பா கேசட் வாங்கி வந்தார். படத்தில் பிரபு வாசிப்பார், ஒலி கத்ரியுடையது. நாடா இழுத்துக்கொண்டால் அப்பா பென்சிலை விட்டுச் சுற்றுவார். எங்கள் பள்ளிக்கூடத்தில் மைசூர் அரண்மனைக்குக் கூட்டிப் போனபோது, "அங்கே பேண்டு வாத்தியத்தில் கேட்டுத்தான் அவருக்கு இந்த ஆசையே வந்தது, அந்த இடத்தைப் பார்த்துட்டு வா" என்று சொல்லி அனுப்பினார். நான் கல்யாண மண்டபத்தையும் யானையையும் பார்த்துவிட்டு வந்தேன். அதற்கு இன்றும் வருத்தம் உண்டு.

சாயந்திரம் கோயிலுக்குப் போனேன். யாரும் கூப்பிட்டுச் சேர்ந்த கூட்டமில்லை. ஆட்டோ ஓட்டும் தம்பிகள் இருவர் போனில் அவர் கச்சேரியை ஓடவிட்டிருந்தார்கள். பென்ஷன் வாங்கிய கணக்கப்பிள்ளை தாத்தா ஒருவர், கோயில் நாயனக்காரர், நான். எங்களில் ஒருவரும் அவரை நேரில் பார்த்ததில்லை.

நாயனக்கார ஐயா பேச ஆரம்பித்ததும் மற்றவர்கள் அடங்கிவிட்டார்கள். "அவரு அப்பாவும் நம்ம தொழிலுதான், நாயனம். நாயனத்துல ஓட்டைய விரலு தொடும் பாப்பா. பாதி மூடலாம், கால்வாசி மூடலாம், அப்படியே வழுக்கிக்கிட்டுப் போகலாம். சாக்ஸபோன்ல விரலுக்கும் ஓட்டைக்கும் நடுவுல சாவியும் மூடியும் இருக்கு. அதுல போயி கமகத்தை எடுத்தாரே! உதட்டுலயும் மூச்சுலயும் எத்தனை வருஷம் சாதகம் பண்ணியிருக்கணும்!" சொல்லும்போது அவர் விரல்கள் மடியில் தானாக ஏறி இறங்கின.

1980இல் பம்பாய் ஜாஸ் விழாவில் ஜான் ஹேண்டி என்ற அமெரிக்கக் கலைஞரோடு அவர் சேர்ந்து வாசித்ததைச் சொன்னேன். 2008இல் ருத்ரேஷ் மகந்தப்பா என்ற ஜாஸ் சாக்ஸபோன் கலைஞரோடு ஒரு இசைத்தட்டு செய்தார். அதன் பெயருக்கு உறவுக்காரர்கள் என்று அர்த்தம். அதைக் கேட்டதும் கணக்கப்பிள்ளை தாத்தா, "நல்ல பேரு" என்றார்.

ஐயா உறையிலிருந்து நாயனத்தை எடுத்தார். ஊதும் முனையான சீவாளியை வாயில் வைத்து நனைத்தார். உடனே வாசிக்கவில்லை, நாலைந்து தரம் சும்மா ஊதினார். "குளிருக்குச் சுருதி எறங்கிரும், கொழல் சூடாகணும்." பிறகு டூயட்டில் வரும் அந்தச் சாக்ஸபோன் இசையை எடுத்தார். ஒரு இடத்தில் மூச்சு போதவில்லை. நிறுத்தி, திரும்ப முதலிலிருந்து வாசித்தார்.

நான் அப்பாவுக்குப் போன் போட்டுக் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டேன். தகரக் கூரையில் மழை வேறு. முடிந்ததும் காதில் வைத்தேன்.

"யாரும்மா வாசிக்கிறது?"

"நம்ம ஊரு நாயனம்ப்பா."

"தலவாக்கலையா?"

"பக்கத்துலதான்ப்பா."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "அவரை இன்னொரு தடவை வாசிக்கச் சொல்லும்மா" என்றார்.

ஐயா சீவாளியை மறுபடி வாயில் வைத்து நனைத்தார்.