தவணையை நிறுத்தலாமா என்று கேட்டவர்

"உங்க வீடா இருந்தா நீங்க என்ன சார் செய்வீங்க?" என்று அவர் கேட்டார். "கையில பணம் இருக்குற வரைக்கும் தவணையை நிறுத்த மாட்டேன்" என்று நான் சொன்னேன். 2020 ஏப்ரலில், கொரோனா ஊரடங்கின்போது, வங்கியின் கடன் பிரிவில் என் மேசைக்கு முன்னால் கட்டியிருந்த கயிற்றுக்கு அந்தப் பக்கம், முகக்கவசத்துடன் நின்றவரிடம் சொன்ன அந்தப் பதிலை இன்றுவரை எனக்குள் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்க்கிறேன். சில நாள்களில் அது முற்றிலும் சரி என்றே தோன்றுகிறது.

மார்ச், ஏப்ரல், மே மாதத் தவணைகளை ஒத்திவைக்க வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி மார்ச் 27 அன்று அனுமதி அளித்திருந்தது; பிறகு அது ஆகஸ்ட் 31 வரை நீட்டிக்கப்பட்டது. தவணை நின்றாலும் வட்டி நிற்காது என்பது வந்தவர்களில் பலருக்குப் புரிந்திருக்கவில்லை. அதைப் புரியவைப்பதுதான் என் கடமை என்று உண்மையாகவே நம்பினேன். அவருடைய வீட்டுக் கடனில் நிலுவை 20 லட்சம், வட்டி 9 சதவீதம், மீதமிருந்தவை 180 தவணைகள், மாதத் தவணை 20,285 ரூபாய். முதலில் மூன்று மாதத்துக்கும், நீட்டிப்பு அறிவிக்கப்பட்டதும் அவர் தொலைபேசியில் கேட்டபோது ஆறு மாதத்துக்கும் கணக்குப் போட்டேன். ஆறு மாதம் கட்டாமல் விட்டால் நிலுவை ஏறக்குறைய 91,700 ரூபாய் கூடும். தவணைத் தொகையை மாற்றாவிட்டால் 180 என்பது 199 தவணைகள் ஆகிவிடும். விட்டது ஆறு, கூடுவது பத்தொன்பது என்றேன். மறுமுனையில் அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அப்போ கட்டிடறேன் சார்" என்றார்.

அந்தக் கணக்கில் பிழை இல்லை. அதன்பின் பலமுறை போட்டுப் பார்த்துவிட்டேன். ஆனால் கணக்குப் போட்ட தாளில் அவருடைய கடன் இருந்ததே தவிர அவருடைய குடும்பம் இல்லை. வேலை போய்விட்டது என்று அவர் முதல் வாக்கியத்திலேயே சொல்லியிருந்தார். ஒன்றரை லட்ச ரூபாய் வைப்புத் தொகை இருந்தது. வருங்கால வைப்பு நிதியிலிருந்து, அப்போது அனுமதிக்கப்பட்டபடி, மூன்று மாத அடிப்படைச் சம்பளம் மற்றும் அகவிலைப்படி அல்லது இருப்பில் 75 சதவீதம், இவற்றில் எது குறைவோ அதை எடுக்க விண்ணப்பித்திருந்தார். வீட்டுச் செலவு மாதம் 22,000 ரூபாய் என்பதும் அவர் வாயிலிருந்து வந்ததுதான். ஆறு தவணைகளுக்கு 1,21,710 ரூபாய். அதாவது ஐந்தரை மாதக் குடும்பச் செலவு. இந்த வகுத்தலைச் செய்ய அரை நிமிடம் போதும். அன்று நான் செய்யவில்லை.

சம்பளம் வருகிறவருக்கு வட்டி பெரிய விஷயம். சம்பளம் நின்றுபோனவருக்குக் கையில் இருக்கும் ரொக்கம் எத்தனை மாதம் தாங்கும் என்பது அதைவிடப் பெரிய விஷயம். அடமானம் இல்லாமல் அவருக்குப் புதிதாகக் கடன் கொடுக்க யாரும் முன்வரமாட்டார்கள், வங்கியும் உட்பட. இதை நன்கு தெரிந்தவன் நான். இருந்தும் இருவகையினருக்கும் அந்த மாதங்களில் ஒரே பதிலைச் சொன்னேன்.

என் பக்கத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. ஒத்திவைப்பை எடுத்துக்கொண்ட வேறொருவர் மறு ஆண்டு வந்து, கடன்காலம் நீண்டுவிட்டதைக் காட்டி, இதை அப்போதே ஏன் ஒருவரும் சொல்லவில்லை என்று மேசையைத் தட்டினார். அவருக்குச் சொல்லாமல் விட்டதும், இவருக்குச் சொன்னதும் ஆக இரண்டுமே குற்றம் என்றால் நான் என்னதான் செய்திருக்க வேண்டும் என்று அன்றிரவு வீட்டில் கோபத்துடன் கேட்டேன். வீட்டில் யாரும் பதில் சொல்லவில்லை.

அக்டோபரில், தவணையை நிறுத்தாமல் கட்டிய அந்த முதலாமவரை நகைக் கடன் பிரிவில் பார்த்தேன். மனைவியும் உடன் வந்திருந்தார். மதிப்பீட்டாளர் சங்கிலியை உரைகல்லில் தேய்த்துப் பார்த்துவிட்டுத் தராசில் வைத்தார். அந்த அம்மா தராசைப் பார்க்காமல், சங்கிலி இருந்த இடத்தில் விரல்களை வைத்தபடி நின்றார். நகை மதிப்பில் 75 சதவீதத்துக்குப் பதிலாக 90 சதவீதம் வரை கொடுக்கலாம் என்ற தளர்வு ஆகஸ்டில் வந்திருந்ததால் அவர்களுக்குச் சற்றுக் கூடுதலாகவே கிடைத்தது. அந்தக் கடனின் வட்டி வீட்டுக் கடனின் வட்டியைவிட அதிகம். வட்டி ஏறும் என்று அஞ்சி ஆறு மாதம் கட்டவைத்தேன். ஏழாவது மாதத் தவணையை அதைவிட அதிக வட்டிக்கு வாங்கிக் கட்டினார்.

அந்த நேரத்தில் கடன் மறுசீரமைப்புக்கான, அதாவது தவணையையும் காலத்தையும் கடனாளியின் நிலைக்கேற்ப மாற்றியமைப்பதற்கான, வாய்ப்பும் திறந்திருந்தது. டிசம்பர் 31 வரை கேட்கலாம். நான்கு எட்டு நடந்து போய் அதைச் சொல்லியிருக்கலாம். அவருடைய கணக்கில் ஒரு நாள் கூடத் தாமதம் இல்லை, ஒழுங்காகக் கட்டுகிறவரை ஏன் குழப்ப வேண்டும் என்று நினைத்ததாக நீண்ட காலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது என்பதே உண்மைக்கு நெருக்கமாக இருக்கும். மறுசீரமைப்பு கிடைத்திருக்குமா என்பது வேறு கேள்வி. இனி என்ன வருமானம் வரும் என்று அதற்கும் கேட்பார்கள்; அவரிடம் காட்ட ஒன்றும் இல்லை.

நவம்பரில், அந்த ஆறு மாதங்களுக்கான கூட்டு வட்டிக்கும் தனி வட்டிக்குமான வேறுபாட்டை மத்திய அரசு திருப்பிக் கொடுத்தது. அவருடைய கணக்கில் ஏறக்குறைய 1,700 ரூபாய் வரவு வைக்கப்பட்டது. ஒத்திவைப்பை எடுத்திருந்தாலும் எடுக்காவிட்டாலும் அந்தத் தொகை வந்திருக்கும். அவர் அதை நேர்மைக்குக் கிடைத்த பரிசாக எடுத்துக்கொண்டு, என்னைத் தேடி வந்து நன்றி சொன்னார். குறைந்த சம்பளத்தில் ஒரு வேலை கிடைத்திருப்பதாகவும், கடன் வரலாற்றில் ஒரு கரும்புள்ளி கூட இல்லை என்றும் சொன்னார். இரண்டும் உண்மை. நகையை மீட்டாயிற்றா என்று நான் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு அதே கேள்வியுடன் வந்தவர்களுக்குக் கடன் கணக்கையும் குடும்பக் கணக்கையும் ஒரே தாளில் பக்கம் பக்கமாக எழுதிக் கொடுத்தேன். என் வீடாக இருந்தால் என்ற பேச்சுக்கே இடம் கொடுக்கவில்லை. அது பொறுப்பா, தப்பித்தலா என்று தீர்மானிக்க முடியவில்லை. ஒருவர் தாளை முழுவதும் படித்துவிட்டு, மடிக்காமல் என் பக்கமே நகர்த்தி வைத்தார். "இதெல்லாம் எனக்கும் தெரியும் சார். என்ன செய்யலாம்னு சொல்லுங்க" என்றார்.