கபடியில் தலையில் அடிபட்ட பிள்ளை மீண்டும் களம் இறங்கும் வரை

கபடியில் தலையில் அடிபடுவது பெரும்பாலும் மூன்று விதத்தில் நடக்கும். கார்னரில் (தடுக்கும் அணியின் ஓரத்தில்) நிற்பவர் கணுக்காலைப் பிடித்து இழுக்க, கை ஊன்ற நேரமில்லாமல் ரெய்டர் (பாடிக்கொண்டு வருபவர்) பின்மண்டை அடிபட விழுவார். இரு பக்கமிருந்தும் ஒரே நேரத்தில் பாயும் இருவரின் தலைகள் மோதிக்கொள்ளும். அல்லது காலைப் பிடிக்கக் குனிந்து பாய்பவரின் நெற்றிப்பொட்டில் ரெய்டரின் முழங்கால் இடிக்கும். மேட் விரித்திருந்தால் சிராய்ப்பு குறையும். மண்டை ஓட்டுக்குள் மூளை குலுங்குவதை எந்த மேட்டும் முழுதாகத் தடுக்காது.

அடிபட்ட அன்று எல்லோரும் பதறுகிறோம். அடுத்த வாரம் பிள்ளை நடமாட ஆரம்பித்ததும் மறந்துவிடுகிறோம். உண்மையில் பெற்றோரும் பி.டி. மாஸ்டரும் கோச்சும் அதிகம் உழைக்க வேண்டியது, பிள்ளை பார்ப்பதற்கு நன்றாக இருக்கும் அடுத்த மூன்று நான்கு வாரங்களில்தான்.

முதலில் களத்தில் செய்ய வேண்டியது. நினைவு தப்பினால்தான் மூளைக்காயம் என்று நினைக்காதீர்கள், பெரும்பாலானவர்களுக்கு நினைவு தப்புவதே இல்லை. எழுந்ததும் தள்ளாடுவது, வெறித்துப் பார்ப்பது, எதிரணிப் பக்கம் போய் நிற்பது, கேட்டதையே திரும்பக் கேட்பது, இதில் ஒன்று போதும். பேர் என்ன, ஊர் என்ன என்று கேட்டால் யாரும் சரியாகச் சொல்லிவிடுவார்கள். இப்போது எந்த ஊரில் ஆடுகிறோம், இது முதல் பாதியா இரண்டாம் பாதியா, கடைசி பாயின்ட் யார் எடுத்தது, போன மேட்ச் யாரோடு ஆடினோம் என்று கேளுங்கள். ஒன்றில் தடுமாறினாலும் அன்றைய ஆட்டம் அவ்வளவுதான். எல்லாம் சரியாகச் சொல்லியும் உங்களுக்குச் சந்தேகம் தீரவில்லை என்றாலும் வெளியே உட்கார வையுங்கள்.

இதில் பேரமே கூடாது. 2006 அக்டோபரில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஸாக்கரி லிஸ்டெட் என்ற 13 வயதுப் பையன் பள்ளி அளவிலான அமெரிக்கன் ஃபுட்பால் ஆட்டத்தில் தலையில் அடிபட்டு, கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு அதே ஆட்டத்தில் மறுபடி இறங்கினான். ஆட்டம் முடிந்ததும் சுருண்டு விழுந்தான். மூளையில் ரத்தக்கசிவு, மண்டை ஓட்டின் இரண்டு பக்கமும் திறந்து அறுவை சிகிச்சை செய்தார்கள். பேச்சையும் நடையையும் முதலிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று. 2009ல் அந்த மாநிலம் அவன் பெயரிலேயே சட்டம் கொண்டுவந்தது: சந்தேகம் வந்தாலே வெளியே எடுக்க வேண்டும், மருத்துவத் தகுதி உள்ளவர் எழுதிக் கொடுக்காமல் திரும்ப ஆட விடக் கூடாது. பிறகு அமெரிக்காவின் 50 மாநிலங்களும் இப்படியொரு சட்டத்தை இயற்றின.

வாந்தி ஒரு தடவைக்கு மேல் வந்தால், தலைவலி ஏறிக்கொண்டே போனால், வலிப்பு வந்தால், பார்வை இரண்டாகத் தெரிந்தால், கை கால் மரத்தால் அல்லது வலுவிழந்தால், குழப்பமோ எரிச்சலோ கூடிக்கொண்டே போனால், எழுப்பினாலும் எழாமல் கிறங்கினால், காதிலோ மூக்கிலோ ரத்தமோ தண்ணீர் போன்ற திரவமோ வடிந்தால், உடனே 108. கழுத்து வலி என்று சொன்னால் படுத்த இடத்திலேயே அசைக்காமல் விடுங்கள். நான்கு பேர் கையையும் காலையும் பிடித்துத் தூக்கிக்கொண்டு ஓடுவது நம் மைதானங்களில் வழக்கம். கழுத்தெலும்பு நகர்ந்திருந்தால் அந்தத் தூக்கலே கையையும் காலையும் முடக்கிவிடும்.

முகத்தில் சோடா அடிப்பது, உச்சந்தலையில் எண்ணெய் வைத்துத் தேய்ப்பது, வலிப்பு வந்தால் கையில் இரும்புச் சாவி கொடுப்பது எதுவும் உதவாது. எல்லாவற்றிலும் ஆபத்தானது, கழுத்து பிடித்திருக்கிறது என்று நான்கு நாள் கழித்து சலூனில் போய் நெட்டி முறித்துக்கொள்வது. மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்களில் இரண்டு கழுத்தெலும்பு வழியாகத்தான் ஏறுகின்றன. முறுக்கும் வேகத்தில் குழாயின் உட்சுவர் கிழிந்தால் பக்கவாதம் வரை போகும். வலி மாத்திரையிலும் கவனம் தேவை. ரத்தக்கசிவு இல்லை என்று மருத்துவர் உறுதி செய்யும்வரை ஆஸ்பிரின், இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வேண்டாம். எடைக்கு ஏற்ற அளவு பாராசிட்டமால் போதும்.

மருத்துவர் பார்த்து வீட்டுக்கு அனுப்பிய பிறகு, தூங்கவே விடக் கூடாது என்று பிள்ளையை உட்கார வைத்து வதைக்க வேண்டியதில்லை. தூங்கட்டும். முதல் ராத்திரி பெரியவர் ஒருவர் அதே அறையில் படுத்து, மூச்சு சீராக வருகிறதா, மருத்துவர் சொல்லியிருந்தால் எழுப்பும்போது ஒழுங்காகப் பதில் வருகிறதா என்று பார்த்துக்கொண்டால் போதும்.

அடுத்த சிக்கல் ஸ்கேன். சி.டி. ஸ்கேன் எலும்பு முறிவையும் ரத்தக்கசிவையும் காட்டும். குலுங்கிய மூளைச் செல்கள் ஒழுங்காக வேலை செய்யவில்லை என்பது அதில் தெரியாது. "ஸ்கேன்ல ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டாங்க, படிக்க வலிச்சா தலைவலின்னு நடிக்கிறான்" என்று வீட்டில் ஆரம்பிப்பது இங்கேதான். ஸ்கேன் சுத்தமாக இருந்தும் ஒரு மாதம் வரை தலைவலி, கிறுகிறுப்பு, மறதி, எரிச்சல் நீடிப்பது பதின்வயதில் சாதாரணம். நான்கு வாரத்தைத் தாண்டினால் நரம்பியல் மருத்துவரிடம் மறுபடி காட்டியே ஆக வேண்டும்.

முதல் 24 முதல் 48 மணி நேரம் ஓய்வு. ஓய்வு என்றால் இருட்டறை அல்ல. வீட்டுக்குள் நடக்கலாம், பேசலாம், குளிக்கலாம், சாப்பிடலாம். செல்போனும் டி.வி.யும் மட்டும் அந்த இரண்டு நாள் வேண்டாம். 2021ல் வெளியான ஓர் ஆய்வில், 12 முதல் 25 வயதுள்ளவர்களில் முதல் 48 மணி நேரம் திரையைத் தவிர்த்தவர்களில் பாதிப்பேர் மூன்றரை நாளில் தேறினார்கள். திரை பார்த்தவர்களில் பாதிப்பேர் தேற எட்டு நாள் ஆனது. அதற்காக ஓய்வை நீட்டிக்கொண்டே போனால் பலன் தலைகீழாகிவிடும். ஐந்து நாள் கட்டாயப் படுக்கையில் வைக்கப்பட்டவர்களுக்கு, ஓரிரு நாள் ஓய்வெடுத்தவர்களைவிட அறிகுறிகள் அதிகமாக இருந்ததாக 2015ல் வந்த இன்னொரு ஆய்வு சொல்கிறது. பத்து நாள் படுக்க வைத்து ஹார்லிக்ஸ் கொடுப்பது பாசம்தான். ஆனால் குணமாவதை அது தள்ளிப்போடும்.

மூன்றாம் நாளிலிருந்து ஒரு நோட்டுப் போடுங்கள். தலைவலியோ கிறுகிறுப்போ எவ்வளவு என்று பிள்ளையே 0 முதல் 10 வரை மார்க் போட வேண்டும். ஒரு வேலை தொடங்கும் முன் ஒரு மார்க், முடித்ததும் ஒன்று, ஒரு மணி நேரம் கழித்து ஒன்று. உதாரணத்துக்கு, கணக்கு 20 நிமிடம்: முன்பு 2, முடித்ததும் 4, ஒரு மணி நேரத்துக்குள் மறுபடி 2. இது சரி, நாளைக்கும் இதே அளவு செய்யலாம். 2ல் தொடங்கி 5 ஆகிவிட்டாலோ, ஒரு மணி நேரம் கழித்தும் இறங்காவிட்டாலோ, நாளைக்கு நேரத்தைப் பாதியாக்குங்கள். இரண்டு மார்க், ஒரு மணி நேரம் என்ற இந்தக் கணக்கு 2022ல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய விளையாட்டு மருத்துவ நிபுணர்கள் வகுத்த வழிகாட்டுதலிலிருந்து வருவது. படிப்புக்கும் நடைக்கும் பயிற்சிக்கும் இதே அளவுகோல்தான்.

நோட்டை ஒரு வாரம் எழுதினால் வலி எப்போது ஏறுகிறது என்பது பிடிபடும். கரும்பலகையைப் பார்த்து எழுதும்போது மட்டும் ஏறினால் கண்ணைச் சந்தேகியுங்கள். தூரத்திலிருந்து பக்கத்துக்குப் பார்வையை மாற்றும்போது இரண்டு கண்ணும் ஒருசேர உள்நோக்கித் திரும்ப வேண்டும். அடிபட்டபின் பலருக்கு அதில்தான் தகராறு. பேனா முனையை மெல்ல மூக்கை நோக்கிக் கொண்டுவாருங்கள். மூக்கிலிருந்து ஆறு சென்டிமீட்டர் தூரத்தை எட்டும் முன்பே அது இரண்டாகத் தெரிந்தால் கண் மருத்துவரிடம் சொல்ல வேண்டிய விஷயம் அது. பஸ்ஸிலோ சட்டென்று திரும்பும்போதோ குமட்டினால் உள்காதின் சமநிலைக் கோளாறாக இருக்கலாம். பின்கழுத்திலிருந்து வலி ஏறினால் கழுத்துத் தசை. மூன்றுக்கும் தனித்தனிப் பயிற்சிகள் உண்டு, பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தருவார். காரணம் தெரியாமல் தினமும் வலி மாத்திரை போட்டுக்கொண்டே இருந்தால், மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும். மாதத்தில் 15 நாளை எட்டினாலே ஆபத்துதான்.

பள்ளிக்கு அனுப்புவதைத் தள்ளிப்போடாதீர்கள், ஆனால் முழு நாளாகத் தொடங்காதீர்கள். காலையில் மூளை தெளிவாக இருக்கும்; முதல் சில நாள் மதியம் வரை போதும். தலைமை ஆசிரியரிடம் மருத்துவர் கடிதத்தோடு எழுத்தில் கேளுங்கள்: 20 நிமிடப் பாடத்துக்கு 10 நிமிட ஓய்வு, கரும்பலகையைப் பார்த்து எழுதுவதற்குப் பதில் நோட்ஸ் ஜெராக்ஸ், ஜன்னல் வெயில் படாத முன்வரிசை இடம், ஒரு நாளில் ஒரு தேர்வுக்கு மேல் இல்லை, மாதத் தேர்வைத் தள்ளிவைக்க அனுமதி. சாயங்கால ட்யூஷனும் ஸ்பெஷல் கிளாஸும் கடைசியில்தான் திரும்ப வேண்டும். நாள் முழுக்கப் பள்ளியில் தாக்குப்பிடித்துவிட்டு, ராத்திரி எட்டு மணிக்கு ட்யூஷனில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்காரும் பிள்ளை மறுநாள் பின்னுக்குப் போய்விடும். பொதுத் தேர்வு வருடமாக இருந்தால் கூடுதல் நேரம் கேட்பதைப் பற்றி முன்கூட்டியே பள்ளியில் பேசுங்கள்.

உடற்பயிற்சியும் மூன்றாம் நாளிலிருந்தே தொடங்கலாம். முதலில் நடை. பிறகு நாடித்துடிப்பைக் கணக்கு வைத்து ஏற்றுங்கள். 220லிருந்து வயதைக் கழித்தால் அதிகபட்சத் துடிப்பு. 16 வயதுக்கு 204. அதில் 55 சதவீதம் 112, 70 சதவீதம் 143. மணிக்கட்டில் விரல் வைத்து 15 விநாடி எண்ணுங்கள். 28 வந்தால் முதல் படி, 35 அல்லது 36 வந்தால் அடுத்த படி. நின்ற இடத்தில் ஓட்டும் சைக்கிள் கிடைத்தால் அதுவே நல்லது, தலை குலுங்காது. இல்லையென்றால் சமதரையில் 20 நிமிட வேகநடை.

அது ஒத்துக்கொண்டால் தனியாகக் கபடி அசைவுகள்: கால் வைப்பு, டோ டச் (கால்விரலால் தொடுவது), ஹேண்ட் டச் (கையால் தொடுவது), கூடுதல் பாயின்ட் தரும் போனஸ் லைனுக்கு எட்டுவது. எதிரில் ஆளே இருக்கக் கூடாது. முதல் சில நாள் பாடாமல் செய்யச் சொல்லுங்கள். ஒரே மூச்சில் பாடும்போது மூச்சை அடக்கி முக்குவது தலைவலியைக் கிளப்பும். எடை தூக்குவதற்கும் தண்டால், பஸ்கிக்கும் இதே காரணம். மூச்சை விட்டுக்கொண்டே செய்ய வேண்டும்.

இதற்கு மேல் போக ஒரு நிபந்தனை: ஓய்வாக இருக்கும்போது மட்டுமல்ல, உழைக்கும்போதும் அறிகுறி எதுவும் இருக்கக் கூடாது, பள்ளியில் முழு நாள் தாங்க வேண்டும். பிறகே குழுவோடு பயிற்சி. செயின் (கைகோத்து நிற்கும் தடுப்பாளர்கள்) நகர்ந்து மறிக்கலாம், யாரும் பிடிக்கக் கூடாது. அடுத்தது மருத்துவர் எழுத்தில் அனுமதித்த பிறகு: மூட்டையைப் பிடிப்பது, ஒருவர் மட்டும் நின்று பிடிப்பது, கடைசியாகச் செயினாகப் பிடிப்பதும் டேஷும் (இடித்து வெளியே தள்ளுவது). ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஒரு முழு நாள். அறிகுறி திரும்பினால் முந்தைய படிக்கு இறங்குங்கள். அறிகுறியே இல்லாமல் 14 நாள் கழித்துத்தான் பிடிபடும் பயிற்சி, அடிபட்டு 21 நாளுக்கு முன் மேட்ச் இல்லை என்கிறது 2023ல் பிரிட்டன் வெளியிட்ட வழிகாட்டுதல். பக்கத்தில் விளையாட்டு மருத்துவர் இல்லாத சிற்றூர் அணிகள் பின்பற்ற வேண்டியது இதைத்தான். அடுத்த படியை முயன்று பார்க்கும் நாளில் வலி மாத்திரை போட்டிருக்கக் கூடாது. போட்டுவிட்டு ஆடினால் தாங்கியது தலையா மாத்திரையா என்று தெரியாது.

பொங்கல் டோர்னமென்ட்டோ செலக்‌ஷனோ நெருங்கும்போது பிள்ளை பொய் சொல்லும். "நல்லாத்தான் இருக்கேன் சார்" என்பதை மட்டும் நம்பி இறக்காதீர்கள், நோட்டைக் கேளுங்கள். அணியில் இடம் போய்விடாது என்று கோச் எல்லோர் முன்னாலும் சொன்னால் பாதிப் பொய் நின்றுவிடும். கோபம், அழுகை, யாரோடும் பேசாமல் ஒதுங்குவது காயத்தின் பகுதியே. இரண்டு வாரம் தாண்டியும் மனம் இருண்டே இருந்தால் மனநல மருத்துவரிடம் போங்கள். வாழப் பிடிக்கவில்லை என்பது போல ஒரு வார்த்தை வந்தால் காத்திருக்கவே வேண்டாம். 14416 டெலி மானஸ் எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம்.

ரத்தக்கசிவு இருந்தோ அறுவை சிகிச்சை நடந்தோ வந்த பிள்ளைக்கு மேலே சொன்ன நாள் கணக்கு எதுவும் பொருந்தாது. மண்டை எலும்பை எடுத்து வைத்திருந்தால் அதைத் திரும்பப் பொருத்தும்வரை அந்தப் பக்கம் சாய்ந்து படுக்கக் கூடாது, எழுந்து நடக்கும்போதெல்லாம் ஹெல்மெட் வேண்டும். வலிப்பு மாத்திரையை நன்றாக இருக்கிறது என்று நீங்களாக நிறுத்தினால் வலிப்பு வரலாம். லெவெடிராசெட்டம் என்ற வலிப்பு மாத்திரை சிலருக்குக் கடுமையான எரிச்சலைக் கொண்டுவரும். திடீரென்று பிள்ளை எல்லோர் மீதும் எரிந்து விழுந்தால் திமிர் என்று திட்டுவதற்கு முன் மருத்துவரிடம் சொல்லுங்கள், மருந்தை மாற்ற வழியுண்டு. வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வைத்து நேரம் பாருங்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் 108. பைக், கிணற்றுக் குளியல், மரமேறுதல் மூன்றும் மருத்துவர் சொல்லும்வரை கிடையாது. இந்தப் பிள்ளைகளில் பலர் கபடிக்குத் திரும்ப முடியாது. அதை நரம்பியல் அறுவை சிகிச்சை நிபுணரிடமிருந்தே பிள்ளை நேராகக் கேட்கட்டும். "அடுத்த சீசன்ல ஆடலாம்டா" என்று வீட்டிலிருந்து வாக்குக் கொடுக்காதீர்கள். ஓட்டமோ எறிதலோ எப்போது தொடங்கலாம் என்பதையும் அதே சந்திப்பில் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.